தெருமுனையில் ஒரு சென்ட்ரி

அக்கா,

இன்று காலை ரூட் ஒன் நெடுஞ்சாலை ஓரத்து டயர் கடையில் உட்கார்ந்திருந்தேன். காரின் முன்சக்கரத்தில் எங்கேயோ ஓர் ஆணி ஏறிவிட்டது. புது ரப்பர் வாடை, ஆறிப்போன ஓசிக் காப்பி, சுவரில் சத்தத்தைக் குறைத்துவைத்த டிவி. அதில் ஒரு வரைபடம். பக்கத்து நாட்டுக்குள் புகுந்து ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துவைத்திருக்கும் ராணுவம், தன் எல்லையின் பாதுகாப்புக்காகத் தற்காலிகமாகத்தான் அங்கே இருப்பதாகச் சொல்லியிருந்தது. அந்தத் துண்டுக்கு ஆரஞ்சு நிறம் அடித்திருந்தார்கள். சுற்றிலும் அம்புக்குறி போட்டு, இன்னும் யார் யார் சண்டைக்குள் இழுக்கப்படலாம் என்று ஒருவர் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். போர்ச் செய்தி பார்த்துச் சிரிக்கிற பெண்ணைப் பற்றி என்ன நினைத்தாரோ. அவர் காதில் உங்கள் குரல் விழவில்லையே, நான் என்ன செய்ய? "தற்காலிகம் எண்டா எத்தினை வருசம் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லும் பாப்பம்." அந்தச் சொல் டிவியில் வரும்போதெல்லாம் நீங்கள் இப்படித்தான் கேட்பீர்கள். கேட்டுவிட்டு என் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொள்வீர்கள்.

நீங்கள் இல்லாத முதல் கோடை இது. துக்கமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரமாட்டேன் என்கிறது. உங்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு முதலில் வருகிறது, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது.

மான்மவுத் ஜங்ஷன் என்கிற இந்த அமெரிக்கச் சிற்றூரில் நம் தெரு ஒரு முட்டுச்சந்து. என் வீடு முனையில், உங்கள் வீடு கடைசியில். நீங்கள் வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் என் டிரைவ்வேயைத் தாண்டியாக வேண்டும். நான் வேலூர்ப் பக்கம், நீங்கள் யாழ்ப்பாணம். நான் உங்களை 'நீங்க' என்பேன், நீங்கள் என்னை 'நீர்' என்பீர்கள். அந்த 'நீர்' எனக்குப் பழக ஒரு வருஷம் ஆயிற்று. பழகிய பிறகு வேறு யாராவது என்னை மரியாதையாகக் கூப்பிட்டால் அரைகுறையாகத் தோன்ற ஆரம்பித்தது.

பார்மசியில் நாள் முழுக்க நின்றுகொண்டே மாத்திரை எண்ணிவிட்டு வருவீர்கள். வந்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சைக்கிள். என்னையும் விடவில்லை. "நீர் கம்ப்யூட்டருக்கு முன்னால இருந்து இருந்து ஒரு நாள் கதிரையோட ஒட்டிப் போவீர்" என்று பயமுறுத்தி ஒரு சைக்கிளை வாங்கவைத்தீர்கள். கால்வாய்க் கரையின் மண்பாதையில் மாலை நேரத்தில் எத்தனை மைல் ஓட்டியிருப்போம். நீங்கள் முன்னால், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால்.

முதல் முறை நான் அதைப் பார்த்தது அந்தப் பாதையில்தான். பாலத்துக்கு அப்பால் பூங்கா ரேஞ்சரின் ஜீப் நின்றிருந்தது. சீருடைக்காரர் ஒருவர் அதில் சாய்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் திடீரென்று சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்தபடி தள்ளிக்கொண்டு போனீர்கள். ஜீப்பைத் தாண்டியதும் மறுபடி ஏறிக்கொண்டீர்கள்.

"என்னக்கா, பஞ்சரா?"

"இல்லையப்பா. கால் தானா இறங்குது."

அதற்குப் பிறகு கவனித்தேன். போலீஸ் காரைப் பார்த்தால் இறங்குவீர்கள். தீயணைப்பு வண்டிக்கு இறங்குவீர்கள். ஒரு தரம் அரைக்கால் சட்டை போட்ட தபால்காரருக்குக்கூட இறங்கினீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்களும் சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். நீங்கள் பள்ளிக்கூடம் போகிற வயதில் உங்கள் ஊர்ச் சந்திகளில் பக்கத்து நாட்டு ராணுவம் காவல் நின்றது. சென்ட்ரி பாயின்ட் வந்தால் சைக்கிளில் போகிற எல்லாரும் இறங்க வேண்டும், தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், தாண்டிய பிறகுதான் ஏறலாம். அந்தப் பக்கத்து நாடு என்னுடைய நாடு. நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். "நீர் ஏனப்பா முகத்தைத் தூக்கிறீர்? நீரோ வந்து நிண்டனீர்?" என்று நீங்கள்தான் என்னைத் தேற்றினீர்கள்.

அதைவிடப் பெரிய இழப்புகள் உங்கள் தெருவில் நடந்தன. சிலவற்றை என்னிடம் சொன்னீர்கள். அவை உங்களுடையவை, இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. சைக்கிள் கதையை மட்டும் நீங்கள் ஊருக்கெல்லாம் சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஆளுக்கொரு சமையலோடு கூடிச் சாப்பிட்ட அந்த பேஸ்மென்ட் பாட்லக் நினைவிருக்கிறதா? பெண்கள் மேலே, ஆண்கள் கீழே, கீழே முழுக்க உலக அரசியல். யாரோ வெள்ளைப் பலகையில் வரைபடமே போட்டுவிட்டார்கள். பார்சிப்பனி ஊரில் வேலை செய்கிற ஒரு தம்பி, பக்கத்து நாட்டில் ஒரு துண்டு நிலத்தைப் பிடித்து பஃபர் ஸோன் என்று வைத்துக்கொள்வது ஏன் நியாயம் என்று பாயின்ட் பாயின்ட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவருக்கு ஆயில் பிரைஸ் கவலை. நீங்கள் பேப்பர் பிளேட்டோடு படியிறங்கி வந்து நின்றீர்கள்.

"தம்பி, எனக்கொரு கேள்வி. அந்தக் கலர் அடிச்ச இடத்துக்குள்ள, சைக்கிளில போற சனம் இறங்கித் தள்ளிக்கொண்டு போகோணுமோ, இருந்தபடி ஓடலாமோ?"

"அது... அதெல்லாம் லோக்கல் லெவல் டீடெயில்க்கா."

"அதைத்தான் கேக்கிறன். அது தெரிஞ்சா மிச்சம் தெரிஞ்ச மாதிரி. சரி, பிரியாணி எங்க வச்சிருக்கினம்?"

போன வருஷம் வசந்தத்தில் அப்பா வந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர் என்று உங்களுக்கு எப்போதோ சொல்லியிருந்தேன். எங்கெங்கே இருந்தார் என்று நீங்களும் கேட்டதில்லை, எனக்கும் சரியாகத் தெரியாது. வீட்டில் அவர் சொன்னதெல்லாம் பனி, கழுதை, ரம் கோட்டா. உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். சென்னை கான்சலேட்டில் விசாவுக்கு நின்ற கதையை அபிநயத்தோடு சொல்லி முடித்தார். பிறகு உங்கள் ஊர் எது என்று கேட்டார். நீங்கள் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"உங்க ஊரு எனக்கு நல்லாத் தெரியும்மா! ஆர்மில இருக்கச்சொல்ல வந்திருக்கேன். இன்னா தண்ணி, இன்னா மாம்பழம். நல்ல ஜனங்க."

சொந்தக்காரர் யாரையோ கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவர் அதைச் சொன்னார் அக்கா. எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. உங்கள் ஊருக்கு வந்திருக்கிறேன் என்று சொன்னால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று உண்மையிலேயே நினைப்போம்.

நீங்கள் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டீர்கள்: "விசா எடுத்துக்கொண்டோ வந்தனீங்கள் ஐயா?"

நான் அவசரமாகச் சட்னியை அப்பா பக்கம் நகர்த்தினேன். என் மகள்தான் வாயைத் திறந்தாள். "வெயிட், டிட் தாத்தா நீட் அ விசா?" நீங்கள் அவள் தலையைத் தடவிவிட்டு இன்னும் இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். சட்னியில் உப்பு சரியாக இருப்பதாகச் சொன்னீர்கள். வீட்டுக்குப் போனீர்கள்.

மறுநாள் மாலை அப்பா வழக்கம்போல டிரைவ்வேயில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஜூன் மாதத்திலும் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் தெருமுனை திரும்பினீர்கள். அவரைப் பார்த்தீர்கள். இறங்கினீர்கள். தலையைக் குனிந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அவருக்கு முன்னால் நடந்து போனீர்கள்.

அப்பா பதறி எழுந்துவிட்டார். "அய்யோ, இன்னாம்மா இது? ஏறும்மா! ஏறி ஓட்டிக்கினு போம்மா!"

"பழக்கதோசம் ஐயா" என்றீர்கள். அடுத்த நாளும் அப்படியே நடந்தது.

ஒரு பக்கம் என் அப்பா, ஒரு பக்கம் நீங்கள், நடுவில் என் டிரைவ்வே. அவர் இருக்கும்வரை நீங்கள் வராமல் போய்விடுவீர்கள், அவர் போன பிறகும் ஏதோ ஒன்று உடைந்தபடி இருக்கும் என்று தோன்றியது. ஓடிவந்து உங்கள் வாசலில் நின்று கேட்டேன். "வேணும்னே பண்றீங்களாக்கா?"

"முதல் நாள் கொஞ்சம் வேணுமெண்டுதான் இறங்கினனான். பொய் சொல்லேல்லை. இண்டைக்கு இறங்கக் கூடாதெண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான். கால் கேக்கேல்லை." அப்போதுதான் உங்கள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். "இவ்வளவு வருசத்துக்குப் பிறகு, இந்த நாட்டில, ஒரு வயசுபோன மனிசன் கதிரையில இருக்கிறார். அவருக்கும் நான் இறங்கிறன். எனக்கு அவரில கோவமில்லை. என்ர காலிலதான் கோவம்."

அதற்குப் பிறகு அப்பா முன்பக்கமே வரவில்லை. நாற்காலியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் தக்காளிச் செடிகளுக்கு நடுவே போட்டுக்கொண்டார். கேட்டால் காற்று நல்லா வருகிறது என்றார். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு நீங்கள் வேலியோரமாக வந்து எட்டிப்பார்த்தீர்கள். "ஐயா எங்க? சென்ட்ரியை விட்டிட்டு ஓடிட்டாரோ?"

அவர் எழுந்து நின்றார். நீங்கள் உள்ளே வந்து தக்காளித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, "எந்தச் சந்தியில நிண்டனீங்கள்?" என்று கேட்டீர்கள். அவர் சொன்னார். "அது எங்கட பக்கமில்லை" என்றீர்கள். பிறகு உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள். பள்ளி ஆசிரியர், வெள்ளை வேட்டி, ஊரில் எல்லாரும் கும்பிடுகிற மனிதர். சந்தியில் தன்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக அவருக்கு முடியவில்லை. ஒரு நாள் சைக்கிளைக் கொண்டுபோய் உள்ளறையில் சாத்திவைத்தார். அதன்பின் எங்கே போனாலும் நடைதான். ராணுவம் கப்பலேறிப் போன பிறகும் அவர் அந்தச் சைக்கிளைத் தொடவில்லை.

அப்பா தக்காளிச் செடியில் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார். "எங்களுக்கு ஆர்டரும்மா, எறக்கித்தான் அனுப்பணும்னு. வாத்தியாரா, டாக்டரா, யாரு பாத்தாங்க? துப்பாக்கி கையில இருந்தா எதிர்ல வர்ற எல்லாரும் ஒண்ணாத்தான் தெரிவாங்க. அது தப்புன்னு அப்ப தோணலை. மன்னிச்சிடும்மா."

"உங்களிட்ட மன்னிப்பு வாங்கி நான் எங்க ஐயா வைக்கிறது? கராஜில ஏற்கெனவே இடமில்லை" என்றீர்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நீங்கள் தொடர்ந்தீர்கள். "ஒண்டு செய்வம் ஐயா. நீங்கள் திரும்ப முன்னுக்குப் போய் இருங்கோ. நான் இறங்காமப் போகப் பழகிறன். நீங்கள் எழும்பாம இருக்கப் பழகுங்கோ. உங்களுக்கும் கால் சொல்வழி கேக்கேல்லை, நான் பாத்தனான்."

உண்மைதான். சைக்கிள் வருவதைக் கண்டால் அப்பாவின் உடம்பு தானாக விறைத்து எழுந்துவிடும். இத்தனை நாள் அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரத்தில்தான் டிவியில் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சண்டை பெரிதாயிற்று. இரண்டு நாடுகளுக்கு நடுவே இருந்தது நான்கு நாடுகளின் வானத்துக்கு வந்தது. வளைகுடா வழியாக அப்பாவுக்குப் போட்டிருந்த டிக்கெட் கேன்சல். ரீபுக் பண்ணினேன், அதுவும் கேன்சல். வாட்ஸாப்பில் மூன்றாம் உலகப் போர் ஆரம்பித்துவிட்டது. எடிசன் நகரத்து இந்தியக் கடைகளில் பொன்னி அரிசி மூட்டைகள் ஒரே நாளில் காலி. வேலூரிலிருந்து சித்தி போன் போட்டு, அமெரிக்காவில் குண்டு விழுகிறதா என்று கேட்டாள். அப்பாவின் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனது. நீங்கள்தான் அந்த இந்திய மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இங்கே அதற்கு என்ன பெயர் என்று கண்டுபிடித்து, டாக்டரிடம் பேசி, கையோடு வாங்கிவந்தீர்கள். "உலகப் போர் வந்தாலும் சாப்பாட்டுக்கு முதல் ஒண்டு, பிறகு ஒண்டு" என்று அவரை மிரட்டினீர்கள். அவர் உங்களுக்குப் பயந்த மாதிரி எனக்கு ஒரு நாளும் பயந்ததில்லை.

ஆக, உலகம் எரிந்துகொண்டிருந்த அந்த வாரங்களில் நம் முட்டுச்சந்தில் தினமும் மாலை ஒரு ஒத்திகை நடந்தது. முதல் நாள் உங்கள் இடது கால் இறங்கிவிட்டது, அவர் பாதி எழுந்துவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொன்னீர்கள். அடுத்த நாள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிப் பார்த்து எங்கள் தபால் பெட்டியைச் சாய்த்தீர்கள். அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்திருந்தார். ஒரு நாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "முதுகு காட்டினாக் கள்ள ஆட்டம்! திரும்புங்கோ!" என்று தெருமுனையிலிருந்தே கத்தினீர்கள். எதிர்வீட்டு குஜராத்தி அம்மாள் டீக்கோப்பையோடு வராந்தாவில் வந்து உட்கார ஆரம்பித்தார். என்ன நடக்கிறது என்று அவருக்கு நாங்கள் சொல்லவேயில்லை. ஆனாலும் நீங்கள் தோற்றால் உச்சுக்கொட்டுவார். "நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்பார் அப்பா. "ஓம், நாளைக்கு" என்பீர்கள்.

ஒரு வழியாக வேறு பாதையில் டிக்கெட் கிடைத்தது. பெட்டிகளைக் காரில் ஏற்றியாயிற்று. அப்பா ஏறமாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நூவர்க் ஏர்போர்ட்டுக்கு டிராஃபிக் எப்படி இருக்கும் என்று நான் கத்துகிறேன், அவர் காதில் விழுந்தால்தானே. "அந்தப் பொண்ணு வந்துடட்டும்."

நீங்கள் திரும்பினீர்கள். முகம் கடுகடுவென்று இருந்தது, வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது. காலைத்தான் திட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று பிறகு சொன்னீர்கள். தபால் பெட்டி வந்தது. உங்கள் கால் ஒரு கணம் நின்றது. அப்பா நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்திருந்தார், விரலெல்லாம் வெளுத்துப்போயிற்று. உங்கள் கால் மறுபடி சுற்றியது. அவருக்கு முன்னால், நிமிர்ந்த தலையோடு, இருந்தபடியே தாண்டினீர்கள். தாண்டியதும் பெல் அடித்தீர்கள் பாருங்கள், அப்படி ஒரு அடி. "போயிட்டன் ஐயா! போயிட்டன்!"

தெருக்கோடியில் வளைத்துத் திரும்பி மறுபடி வந்தீர்கள். மறுபடி போனீர்கள். ஒவ்வொரு தரமும் பெல். எதிர்வீட்டு அம்மாள் எழுந்து கைதட்டினார். என் மகள் பின்னாலேயே ஓடினாள். அப்பாவின் கன்னமெல்லாம் ஈரம், ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை. நீங்கள் பிரேக் போட்டு அவர் முன்னால் நின்றதும் கேட்டார்: "எழுந்துக்கலாமாம்மா?"

"எழும்புங்கோ ஐயா. பிளேன் போயிடும்."

அவ்வளவு சந்தோஷமான ஒரு சாயங்காலத்தை நான் இந்த நாட்டில் பார்த்ததில்லை அக்கா. கார் நகரும்போது அப்பா கண்ணாடியை இறக்கி உங்களைக் கும்பிட்டார். நீங்கள் ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டினீர்கள்.

அதற்குப் பிறகு ரேஞ்சர் ஜீப்பும் போலீஸ் காரும் உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லாமல் போயின. தபால்காரரைப் பார்த்தால் மட்டும் என்னைச் சிரிக்கவைக்க இறங்குவதுபோல் பாவனை செய்வீர்கள். இலையெல்லாம் உதிர்ந்த நவம்பரில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது உங்கள் தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அப்புறம் நீங்கள் இல்லை. இதை எழுதும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் மீது கோபம்தான் வருகிறது, சொல்லாமல் போனதற்கு.

பாட்லக்கில் இப்போதும் வரைபடம் போடுகிறார்கள். நான் இப்போது மேலே இருப்பதில்லை, பிளேட்டை எடுத்துக்கொண்டு கீழே போய் உங்கள் கேள்வியைக் கேட்கிறேன். உங்கள் அளவு நன்றாகக் கேட்கவராது, கொஞ்சம் கோபமாக வந்துவிடுகிறது. ஆனாலும் விடுவதில்லை.

அப்பாவுக்கு நீங்கள் போன செய்தியை நான்தான் போனில் சொன்னேன். வேலூர்த் தெருவில் ஒரு ஆட்டோ போவது மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கடைசியா சைக்கிள் ஓட்டுச்சாம்மா அது?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம்கூட ஓட்டினாங்கப்பா."

"நம்ம வூட்டுப் பக்கமாவா?"

"ஆமாம்பா. வாசல்ல நின்னு பாத்தேன். எதிர்ல போலீஸ் கார் ஒண்ணு நின்னுச்சு."

"எறங்கலையே?"

"இல்லப்பா. எறங்கல."

அவருக்குச் சொல்ல அந்த ஒரு பதில் என்னிடம் இருந்தது அக்கா. இன்னும் இருக்கிறது.